பொக்கற் இல்லாத உடுப்புகள்

வற்றாப்பளைப் பொங்கலுக்கு உடுப்பெடுக்க நாயாற்றிலிருந்து முல்லைத்தீவு ரவுணுக்குப் போவோம். தம்பிக்குப் பத்து நிமிசம் போதும். இடுப்பு 30 என்று சொன்னால் ஜீன்ஸ் வரும், கழுத்தளவைச் சொன்னால் சேட் வரும். காசைக் கட்டிவிட்டு வெளியில் நின்று சர்பத் குடிப்பான். எனக்கு அரைநாள். "பொம்பிளையளுக்கு எத்தினை வகை இருந்தாலும் காணாது" என்று அவன் சலிப்பான், கடைக்கார அண்ணையும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த "எத்தினை வகை"யைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசிக்கிறேன். கடையில் முக்கால்வாசி எங்கட பக்கம்தான், அது உண்மை. கல்லு வைச்சது, வலை வைச்சது, குஞ்சம் தொங்குவது என்று கண்ணைப் பறிக்கும். ஆனால் நான் தேடுவது மூன்று விசயம்தான். வெயிலில் நின்றால் உள்ளே தெரியாத துணி, சரியான அளவு, போன் வைக்க ஒரு பொக்கற். இந்த மூன்றும் ஒன்றாக வந்த ஒரு சுடிதாரை நான் இன்னும் காணவில்லை. ஒரு கடையில் மீடியம் சைஸ் தோளில் தொங்கும், அடுத்த கடையில் அதே மீடியம் மூச்சு விட விடாது. போட்டுப் பார்க்கவும் இடமிருக்காது. பிறகு தையல் அக்காவிடம் கொடுத்து உடம்பைப் பிடிக்க வேறு காசு. தம்பிக்கு அந்தச் செலவே இல்லை.

பொக்கற் ஒரு சின்ன விசயம் மாதிரித் தெரியும். 2018 இல் 'த புடிங்' என்ற அமெரிக்க இணையத்தளம் 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை அளந்து பார்த்தது. பெண்களின் முன்பொக்கற் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48% ஆழம் குறைவு, 6.5% அகலம் குறைவு. சுடிதாரில் அந்தப் பாதிகூட இல்லை. ஐயா சாரத்து மடியில் காசு வைப்பார், அம்மா முந்தானையில் முடிவா. எனக்கு முடியவும் இடமில்லை. நெரிசலான பஸ்ஸில் ஒரு கையில் போனும் பேர்சும், மற்றக் கையில் கம்பி. பின்னால் ஒருத்தன் உரசினால் தள்ளிவிட மூன்றாவது கை வேணும்.

உள்ளாடை எடுப்பது இன்னொரு கதை. கவுண்டரில் நிற்பது ஆம்பிளையள்தான். அளவைச் சொல்ல வாய் வராது, "நடுத்தரமா ஒண்டு தாங்கோ" என்று சொல்லி, பேப்பரில் சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டு ஓடி வருவோம். கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உள்ளாடையும் விளையாட்டு உடுப்பும் தைத்து உலகச் சந்தைக்கு அனுப்புகிற நிறுவனம் அது. எங்கட வன்னிப் பெட்டையள் எத்தனையோ பேர் அங்கே மெசினில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெண்ணுக்கு அளவு பிசகாமல் தைக்கிற பிள்ளை, ஊர்க் கடையில் தன் அளவைச் சொல்லக் கூசுகிறாள்.

பெடியளுக்கும் கட்டுப்பாடு இருக்கு. தம்பி ஒருமுறை பூப்போட்ட சேட்டைத் தொட்டதற்கு வீடு முழுக்கச் சிரித்தது. அவனுக்கு நிறம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்குக் கிடைப்பது எல்லாம் போட்டுக்கொண்டு ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம்.

கலைப்பீடத்தில் என்னோடு படிக்கிற பெட்டையள் பலர் நாளைக்கு ரீச்சர்மார். 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடி நேரத்தில், சில ஆசிரியைகள் சாறியை விட்டு வேறு வசதியான உடுப்பில் பாடசாலைக்குப் போனார்கள். கல்வி அமைச்சு சாறிதான் என்று நின்றது. சாறி எடுத்தால் சட்டைத் தையல்கூலி, உள்பாவாடை என்று செலவு தொடரும். அதோடு பஸ்ஸும் ஏற வேணும். கூட வேலை செய்கிற சேர் சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டு மோட்டார் சைக்கிளில் வருவார். கடையில் எத்தனை வகை தொங்கினாலும், நாங்கள் எதைப் போட வேணும் என்பதை வேறு ஆட்கள் முடிவு செய்தால் அது என்ன தெரிவு?

கடைக்காரரிடம் நான் கேட்பது பெரிசில்லை. போட்டுப் பார்க்க ஒரு மறைப்பும் கண்ணாடியும், உள்ளாடைப் பக்கம் ஒரு அக்கா. பொங்கலுக்கு எடுத்த சுடிதாருக்குப் பொக்கற் வைத்துத் தரச் சொல்லித் தையல் அக்காவிடம் கேட்டேன். வெட்டுத்துணியிலேயே வைத்துத் தந்தார். "இது லேசான வேலை பிள்ளை. இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

கேளுங்கோ.