ஒற்றைக் கண்ணின் மர்மம்

ஐம்பதுகளில் அமெரிக்காவின் இடாஹோ மேய்ப்பர்கள் மிரண்டு போனார்கள். நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள்! சினை ஆடுகள் மேய்ந்த கார்ன் லில்லி செடிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. எப்படி என்பது புரிந்ததோ 90களில்தான். ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ மரபணு உண்டாக்கும் புரதம், கருவின் நடுக்கோட்டிலிருந்து பரவி முன்மூளையை இடம், வலம் என்று பிரிக்கிறது. 1996-ல் இந்த மரபணு நீக்கப்பட்ட எலிக் கருக்களுக்கும் ஒற்றைக் கண்தான். செடியின் நஞ்சு அந்தச் சமிக்ஞைக்குச் செல்கள் பதிலளிக்காமல் தடுத்துவிடுகிறது.

மனிதரிலும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே குழந்தையின் மூளை பிரியாமல் போகலாம். விசித்திரம், அதே பழுதுள்ள தாய்க்கு ஒற்றை முன்பல்லைத் தவிர வேறு குறையே இல்லாமலும் இருக்கலாம்.

பெயர் வீடியோ கேம் நாயகனுடையது. ஆய்வுக்கூடத்து வேடிக்கை, பெற்றோரிடம் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.