கரி மூட்டைக்கும் மாதிரி பார்க்க வேண்டும்

துவரம் பருப்பு வந்து இறங்கினால் மூட்டையில் கம்பி குத்திப் பார்க்கிறோம். மாதிரிக்கு ஒத்து வராவிட்டால் லாரியோடு திருப்பி அனுப்புகிறோம். இப்போது 'உயிர்க்கரி' என்று ஒரு சரக்கு தலைகாட்டுகிறது. பயோசார் என்றும் சொல்வார்கள். உமி, கடலைத் தோல், பருத்திமார் போன்ற விளைச்சல் கழிவுகளைக் காற்று அதிகம் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அதைக் கொண்டு தண்ணீரிலுள்ள கேட்டை நீக்கலாம் என்கிறார்கள். நல்ல சரக்குதான். ஆனால் பருப்பிடம் காட்டும் கண்டிப்பை இதனிடமும் காட்ட வேண்டும் என்பது நமது கருத்து.

சங்கதி அடியோடு புதிதல்ல. மணல், கூழாங்கல், கரி போட்டுத் தண்ணீர் வடிகட்டும் பானைகளைப் பள்ளிப் பாடத்திலேயே பார்த்திருக்கிறோம். இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தை மண்ணால் மூடி மூட்டம் போடுவதும் இதே வழிதான். உயிர்க்கரிக்கு 300 முதல் 700 டிகிரி வரை சூடு கொடுக்கிறார்கள். மிஞ்சும் கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சாயம், பூச்சிமருந்து, ஈயம் முதலியவை அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன.

எது ஒட்டாது என்பதையும் வியாபாரி தெரிந்து வைத்திருக்க வேண்டும். உப்பு ஒட்டாது. போர்த் தண்ணீர் கரிக்கிறது என்று வருபவருக்கு இதை விற்றால் அது மோசடி. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை மறந்திருக்க மாட்டோம். அங்கே நிறத்தைவிடப் பெரிய தொல்லை உப்புதான். கரி நிறத்தை வாங்கும், உப்பை வாங்காது. தருமபுரிப் பக்கத்து புளோரைடுக்கும் வெறும் கரி பெரிதாக உதவாது, அதற்குத் தனியாக மருந்தேற்ற வேண்டும். கிருமியையும் கொல்லாது.

கரிக்குக் கரி குணமும் மாறும். உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகப் போகும் சரக்கு, பெரும்பாலும் சிலிக்கா. கொட்டாங்கச்சியில் சாம்பல் மிகக் குறைவு. காங்கேயம் வட்டாரத்தில் கொட்டாங்கச்சிக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி வீரியமூட்டுகிறார்கள். அது 'ஆக்டிவேட்டட் கார்பன்'. வேறு சரக்கு, வேறு விலை. அதை வாங்குபவர் அயோடின் எண் எத்தனை, ஈரம் எத்தனை, சாம்பல் எத்தனை என்று சீட்டைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். உயிர்க்கரிக்கும் லாட்டுக்கு லாட் அப்படிச் சீட்டு கேட்பதில் என்ன தவறு? கரியில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுவது நமக்குத் தெரியாத வித்தையா!

கச்சாப் பொருள் இனாம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். உமி புழுங்கலரிசி ஆலையின் கொதிகலனுக்கே போய்விடுகிறது, வைக்கோல் மாட்டுக்கு. வயலில் வீணாகக் கொளுத்தப்படுவது பருத்திமாரும் கரும்புச் சோகையும்தான். இவற்றுக்குக்கூட ஆள் வந்து கேட்ட மறுநாளே விலை முளைக்கும். முளைக்கட்டும், விவசாயிக்கு நாலு காசு வருவது நமக்கும் நல்லது. அவர் கையில் காசிருந்தால்தான் நம் கடையில் வியாபாரம். புகையும் குறையும்.

நமக்குக் கவலை தருவது பழைய கரி. துளைகள் நிரம்பிவிட்டால் அது வேலை செய்யாது, மாற்றியாக வேண்டும். ஈயத்தை இழுத்து வைத்திருக்கும் கரியை உரமென்று கீரைப் பாத்தியில் கொட்டினால் தண்ணீரில் இருந்த நஞ்சு குழம்புக்கு வந்து சேரும். அதைத் திரும்ப எடுத்துக்கொள்பவர் யார் என்பதைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்.

செடிக்கு உரமாக இந்தக் கரி ஏற்கெனவே பாக்கெட்டில் விற்கப்படுகிறது. அதே பாக்கெட்டைக் 'குடிநீருக்கு' என்று சீட்டு மாற்றி ஒட்டி யாரேனும் கொண்டுவந்தால், இரட்டை கமிஷன் என்றாலும் அலமாரியில் வைக்காதீர்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய் வந்து நிற்பது தொழிற்சாலை வாசலில் அல்ல, நமது கல்லாவுக்கு முன்னால். சோதனைச் சீட்டு இல்லாத கரியை உறுப்பினர்கள் வாங்குவதில்லை என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் போடும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். சீட்டில் ஈரம், சாம்பல், எந்தக் கேட்டை எவ்வளவு எடுக்கும், எத்தனை லிட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டும் ஆகிய நான்கும் இருந்தால் போதும்.