20,691-லிருந்து 1,996... மேத்ஸ் சென்டம் எங்கே போச்சு?

2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் சென்டம் எடுத்தவங்க 20,691 பேர். 2025-ல்? வெறும் 1,996 பேர். அதே புத்தகம், அதே சிலபஸ். ஒரே வருஷத்துல பசங்க மக்காகிட்டாங்களா என்ன?

இல்லை. அதே சமயம் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 91.55 சதவிகிதத்திலிருந்து 93.80 சதவிகிதமா ஏறியிருக்கு. அப்போ சென்டம் எண்ணிக்கை காட்டுறது பசங்களோட அறிவை மட்டும் இல்ல... கேள்வித்தாள் எதிர்பார்த்த மாதிரி வந்துச்சாங்கிறதையும்தான்.

கைடு கணக்கு

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டினு மதுரையைச் சுத்தி எங்கே பார்த்தாலும், பாடப்புத்தகத்தைவிட அதிகம் கசங்கியிருக்கிறது கைடாத்தான் இருக்கும். காரணம் சிம்பிள். பாஸ் மார்க் 35. வரைபடம் 8, வடிவியல் 8... ஆக 16 மார்க் கையில். மீதியை ஒரு மார்க், ரெண்டு மார்க்ல தேத்திடலாம். 'மெல்லக் கற்போர் கையேடு'களின் லாஜிக்கும் இதுதான்.

இதைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் முதல் ஆளா படிக்கிற பிள்ளைக்கு ஒரு ஃபெயில், படிப்பையே நிறுத்திடலாம். ஆனா, பாஸானதும் புரிஞ்சதும் ஒண்ணில்லையே! 2021 தேசிய அடைவு ஆய்வில் கணக்குக்கான இந்திய சராசரி, 500-க்கு மூணாம் வகுப்பில் 306, எட்டில் 255, பத்தில் 220. மேல போகப் போக சறுக்கல்தான்.

பரீட்சையில் வராத பக்கம்

2019-ல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே க்யூஆர் கோடும், ஜியோஜீப்ரா செயல்பாடுகளும் இருக்கு. x²-க்கு முன்னாடி இருக்கும் எண்ணை மாத்தினா பரவளையம் எப்படி விரியுது, சுருங்குதுனு போன்லயே பார்க்கலாம். மார்க் கிடையாதுங்கிறதால, அந்தப் பக்கம் ஈஸியா புரட்டப்பட்டுடும்.

போனே இல்லையா? பாகைமானி, நூல், சின்னக் கல் போதும். ஸ்கூல் கொடிக்கம்பத்தோட உயரத்தை அளந்துடலாம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தக் கோணம்தான் ஏற்றக்கோணம். ஒரு தடவை அளந்து பார்த்தவனுக்கு, கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதற்றம் வராது.

உங்க வீட்டுலயும் டென்த் படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருக்காங்களா? "எத்தனை மார்க்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "இந்தக் கணக்கு ஏன் இப்படி வருது?"னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கைடில் இல்லாத கேள்வி அது!