எலி கடித்த ஹோஸ்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் எலிகளுக்குக் குடியிருப்பு போய்விடும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் லாரி லாரியாகக் கரும்பு போக, வயல் மொட்டையாகிறது. எலிக்கு அடுத்த வசதியான இடம், ராத்திரியில் சூடு ஆறாமல் நிற்கிற கார். அதன் முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும். ரப்பர் ஹோஸ் தோதாகக் கிடைக்கிறது.

எலவனாசூர்கோட்டையில் தெரிந்தவர் ஒருவரின் காருக்கு அடியில் காலையில் பச்சை நிறக் கூலண்ட் தேங்கியிருந்தது. பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் பல் பதிந்த கீறல். “டேப் சுத்தி ஓட்டிக்கலாமா தம்பி?” என்று மெக்கானிக்கைக் கேட்டார். “சுத்தலாம் சார், என் ஷெட்டு வரைக்கும்தான்” என்று பதில் வந்தது.

காரணம் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகிவிடும். கிழிசல் நுனியில் என்றால், ஹோஸிலும் நீளம் மிச்சமிருந்தால், அந்தத் துண்டை நறுக்கிவிட்டு மறுபடி மாட்டிக் கிளிப்பை முடுக்கலாம். நடுவில் என்றால் உள்ளே உலோகக் குழாய்த் துண்டைச் செருகி இருபுறமும் கிளிப் போட்டு ஊர் போய்ச் சேரலாம். அதற்குமேல் புது ஹோஸ்தான்.

இந்தச் சலுகையும் கூலண்ட் ஹோஸுக்கு மட்டும்தான். பெட்ரோல் ஹோஸில் டேப் சுற்றுவது நெருப்போடு விளையாட்டு. ரேடியேட்டர் ஹோஸ் துண்டை அங்கே மாட்டவும் கூடாது. பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதி இளகிவிடும். பிரேக் ஹோஸில் ஒட்டுப்போடும் பேச்சே வேண்டாம். முழுசாக மாற்றி, காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கூலண்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சாரைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். மீட்டர் முள் சூட்டைக் காட்டாமலே போகலாம். முள் நடுவில்தானே நிற்கிறது என்று கியரைக் குறைத்து மலையேறினால், இன்ஜின் ஹெட் வளைந்து கேஸ்கட்டும் போய்விடும். இனிப்பு வாடையோடு ஆவி வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்; பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

வாசலில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதும் அவசியம். கூலண்ட் இனிக்கும் என்பதால் நாய் நக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நாயைக் கொல்லும் விஷம்.

சின்ன காரின் ஹோஸ் சில நூறு ரூபாயில் முடியும். ஹெட் வேலை என்றால் ஆயிரக்கணக்கில் போகும். கரும்பு வெட்டு முடிகிறவரை, சாவியைத் திருகுமுன் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். பல் பட்ட ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள்.