கண்ணாடி ஜன்னலுக்கு யார் காசு கொடுப்பது?

பி.காம் படிப்பவனுக்கு கிராபிக்ஸ் சிப்பில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். உள்ளே நடப்பது நம்ம பார்ட்னர்ஷிப் கணக்குதான் :-)

போன் திரையில் தெரிவது ஒரே படம் இல்லை. அடியில் வால்பேப்பர், அதன்மேல் ஆப், உச்சியில் மணியும் பேட்டரியும் காட்டும் பட்டை என்று தாள் மேல் தாளாக அடுக்கியிருக்கிறது. மேல் தாள் முழுசாக மறைத்தால் கீழே இருப்பதைப் பார்க்கவே வேண்டாம். மேல் தாள் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் கணக்கு ஆரம்பிக்கிறது. இலாபப் பகிர்வு விகிதம் 3:2 என்று வையுங்கள். மேலே சிவப்பின் அளவு 200, கீழே 100 என்றால், 120 + 40 = 160. பச்சைக்கும் நீலத்துக்கும் இதே கணக்கு. இப்படிப் படங்களைச் சேர்க்கும் விதிகளை முறைப்படுத்தி 1984ல் எழுதியவர்கள் லூகாஸ்பிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும்.

ஒரு புள்ளிக்கு இது சுலபம். ஆனால் விலை குறைந்த பல போன்களில் இருக்கும் 720 × 1600 திரையில் 11,52,000 புள்ளிகள். திரை நகரும்போது வினாடிக்கு 60 தடவை என்றால் கிட்டத்தட்ட 6.9 கோடி புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கீழ்த் தாளையும் மெமரியிலிருந்து எடுத்துப் படிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டுமானால், அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

நாலைந்து தாள் வரை திரைக்குப் படம் அனுப்பும் பகுதியே சேர்த்துவிடும், அதிகச் செலவில்லை. (எக்ஸ்பி காலத்து அண்ணன்மாருக்கு நினைவிருக்கும்: படம் ஓடும்போது பிரிண்ட் ஸ்கிரீன் அடித்தால் வெறும் கறுப்புக் கட்டம் வரும். வீடியோ தனித் தாளில் இருந்ததுதான் காரணம்.) அளவு மீறினால் ஜிபியு இறங்க வேண்டும். பேட்டரி கரையும், போன் சுடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

2007ல் விஸ்டா வந்தபோது அதன் பெரிய கவர்ச்சியே கண்ணாடி ஜன்னல். "விஸ்டா கேப்பபிள்" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பல கம்ப்யூட்டர்களில் அந்தக் கண்ணாடி வரவே இல்லை. சிப்புக்குச் சக்தி போதவில்லை. வாங்கியவர்கள் அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் மேல் வழக்கே போட்டார்கள். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது கண்ணாடியை அவர்களே எடுத்துவிட்டார்கள். 2025ல் ஆப்பிள் ஐஓஎஸ் 26ல் மறுபடி கண்ணாடி. எழுத்தே படிக்க முடியவில்லை என்று புகார் கிளம்ப, 26.1ல் கண்ணாடியை அடர்த்தியாக்கும் வசதி வந்தது.

ஆப்பிள் போன் வாங்குகிறவருக்கு சிப் தாங்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர் கையில் இருப்பது வேறு போன். எலக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னலோர வெயிலில் அவர் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது வெள்ளையில் கறுப்பு எழுத்தும், ஷிப்ட் முடியும்வரை நிற்கும் பேட்டரியும். பெரிய கம்பெனி கண்ணாடி போட்டால் சின்ன கம்பெனியும் அதைக் காப்பியடிக்கும். அழகு டிசைனருக்கு, செலவு வாடிக்கையாளருக்கு. இது எந்த ஊர்க் கணக்கு?

கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சினிமாவுக்கும் கேமுக்கும் அது உயிர். ஆனால் எழுத்துக்குப் பின்னால் வேண்டாம். விலை குறைந்த போனில் ஆரம்பத்திலேயே அணைத்துக் கொடுக்கட்டும், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் "டீபக் ஜிபியு ஓவர்டிரா" போட்டுப் பாருங்கள். ஒரே புள்ளியை நாலு தடவையோ அதற்கு மேலோ திரும்ப வரைந்த இடம் சிவப்பாகத் தெரியும். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், கலர்ஸ் போய் டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸை அணைக்கலாம். உங்கள் போனில் எந்த ஆப் அதிகமாகச் சிவக்கிறது? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.