புதிய மண்ணில் நச்சுச் செடிகள்

இடம்பெயரும் விவசாயி மண்வெட்டியையும் விதைநெல்லையும் சுமந்து வரலாம். ஆனால் சொந்த ஊரின் வேலிகளையும் பற்றைகளையும் பற்றி அவர் அறிந்தவை புதிய ஊரில் முழுமையாக உதவுவதில்லை. 1995இல் வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களை விட்டு வன்னிக் காட்டோரங்களுக்கு வந்த குடும்பங்கள் இதனை நன்கறிவர். ஆகவே, கூரைத் தகடும் விதையும் வழங்குவதோடு, அவ்விடத்து நச்சுச் செடிகளை இனங்காட்டுவதும் நிவாரணத்தின் ஒரு பகுதியாக வேண்டும் என்பது எமது கருத்து.

கார்த்திகைப்பூவை எடுத்துக்கொள்வோம். அதன் இலைநுனி சுருண்டு பற்றிக்கொள்ளும். பூவிதழ்கள் சுடர்போல் மேல்நோக்கி நிற்கும். மாரியில் இவற்றைக் கண்டு விலகுவது எளிது. கோடையிலோ கொடி பட்டுப்போய், கலப்பைபோல் வளைந்த கிழங்கு மட்டும் மண்ணுள் கிடக்கும். நிலம் கொத்தும்போது அகப்படும் இக்கிழங்கை உண்ணக்கூடிய கிழங்கென எண்ணி அவித்து உண்டு நஞ்சுக்கு உள்ளானோர் எமது நாட்டில் உள்ளனர். அவிப்பதால் இந்நஞ்சு நீங்காது. முதலில் தோன்றும் வாந்தியும் வயிற்றோட்டமும் நின்றாலும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ளக்கூடாது. கொடியைக் காணாத கிழங்கை உண்ணாதிருப்பதே நல்ல விதி.

குன்றிமணி, மஞ்சள் அலரி விதை, காட்டாமணக்கு விதை ஆகியவை சிறுவர் விளையாடும் இடங்களிலேயே கிடைக்கின்றன. இவற்றை வாயில் வைக்கலாகாது எனச் சிறுவருக்குக் காட்டிச் சொல்ல வேண்டும்.

"பறவை தின்னும் பழத்தை நாமும் தின்னலாம், மாடு தனக்கு ஆகாததைத் தொடாது" என்பர். இரண்டும் பிழை. நாயுண்ணிப் பழத்தைப் பறவைகள் தின்னும். அதன் இலையைத் தின்னும் மாட்டின் ஈரல் கெட்டு, வெயில் படும் தோல் வெடித்து உரியும். அவ்விடத்தில் வளர்ந்த மாடு பெரும்பாலும் அதை விலக்கும். புதிதாகக் கொண்டுவரப்பட்ட, பசித்த மாடே மேயும். மனிதரைப்போல் கால்நடையும் இடம்பெயர்ந்ததே. அதனால் புதிய இடத்தில் முதல் வாரங்களில் வயிறு நிறைய வைக்கோலோ புல்லோ கொடுத்தபின்பே மேயவிட வேண்டும்.

முதியோரின் அறிவு பெறுமதியானது. ஆனால் அது மட்டும் போதாது. 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட பார்த்தீனியத்தை எமது பாட்டன்மார் அறியார். எனவே ஊர் முதியவரும் விவசாய அலுவலரும் கூடி, மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, குடும்பங்களைக் காணியோரமாக அழைத்துச் சென்று காட்டட்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

எவராவது உண்டுவிட்டால் கைமருந்தில் நேரம் போக்காது, அச்செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்வோம்.