முதலில் வீட்டைக் கட்டுங்கள், அப்புறம் இடிக்கலாம்

ராணுவ மாடல் செய்கிறவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை பாக்கி இருக்கிறது. செமஸ்டர் லீவில் வேறு வேலை இல்லாததால் இன்றைக்கு அதைத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டாங்கி, ஜீப், சிப்பாய் எல்லாவற்றையும் 1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35 சென்டிமீட்டர் இருப்பது இங்கே 1 சென்டிமீட்டர் என்ற கணக்கில், பிளாஸ்டிக்கில் ஒட்டி வர்ணம் அடிப்பார்கள். அதைச் சும்மா அலமாரியில் நிறுத்தாமல் ஒரு தெரு, ஒரு மரம், ஓர் இடிந்த வீடு என்று சுற்றுப்புறத்தோடு பலகை மேல் அமைத்தால் அதற்குப் பெயர் டயோரமா. இரண்டாம் உலகப்போர் டயோரமாக்களில் அடிக்கடி கண்ணில் படுகிற இடம் நார்மண்டி. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கிய வடக்கு பிரான்ஸ்.

இனி சண்டை.

ஷெர்மன் டாங்கி செய்கிற ஒருவர் அதன் சக்கரத்தில் எத்தனை போல்ட் என்று பழைய போட்டோவைப் பெரிதாக்கி எண்ணுவார். பச்சை வர்ணம் ஒரு சாயல் கூடிவிட்டால் மூன்று நாள் சோறு இறங்காது. அதே மனிதர் டாங்கிக்குப் பின்னால் நிற்கிற வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடித்துவிடுவார். 'ட' எழுத்து மாதிரி இரண்டு சுவர், மேலே கோணல்மாணலாகக் கிள்ளிய விளிம்பு, ஒரு ஜன்னல் ஓட்டை, அடியில் ஒரு கைப்பிடி தூள். கேட்டால், "இடிஞ்ச வீடுதானே, எப்படி இருந்தா என்ன?"

நானும் யோக்கியன் இல்லை. ஹாஸ்டல் அறையில் தெர்மாகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் வைத்து என் முதல் இடிந்த வீட்டைச் செய்தபோது எனக்கும் அதே எண்ணம்தான். சுத்தியலால் நாலு தட்டு, வேலை முடிந்தது. சிவில் படிக்கிற என் அறைத்தோழன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மச்சி, மாடிப்படி எங்கடா?"

"இடிஞ்சு போச்சுடா."

"இடிஞ்சிருந்தா சுவத்துல தடம் இருக்கணுமே? சரி, மாடித்தளம் எதும் மேல நின்னுச்சு? உத்தரம் சொருகின குழியே காணோம். அடுப்பு எங்க, புகைபோக்கி எங்க? இதுல யாரும் குடியிருந்திருக்கவே முடியாதுடா."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் குளிக்கப் போய்விட்டான். எனக்குத்தான் அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் மாட்டிக்கொண்டது. யாரும் குடியிருந்திருக்க முடியாத வீடு இடிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் செய்து வைத்திருந்தது வீடே அல்ல, டாங்கிக்கு ஒரு திரைச்சீலை.

நார்மண்டியில் சான் லோ என்று ஓர் ஊர். ஜெர்மன் படைகளுக்கு உதவி வருகிற சாலைகளை அடைக்க வேண்டும் என்று 1944 ஜூன் 6 இரவு அதன் மேல் குண்டு போட்டார்கள். போட்டது விடுதலை செய்ய வந்த நேச நாட்டு விமானங்கள். பிறகு பீரங்கிச் சண்டை. ஜூலை 18-ல் அமெரிக்கப் படை உள்ளே நுழைந்தபோது ஊர் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. அங்கே செஞ்சிலுவை மருத்துவமனையில் வேலை செய்த சாமுவேல் பெக்கெட் 1946-ல் வானொலிக்காக எழுதிய உரையின் தலைப்பே 'இடிபாடுகளின் தலைநகரம்' என்பதுதான். நார்மண்டி முழுக்க அந்தக் கோடையில் செத்துப்போன பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்கிறார்கள். இந்தக் கதை எதுவும் டாங்கியின் போல்ட்டில் இல்லை. டயோரமாவில் அதைச் சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்த வீடு. அதைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஒதுக்குகிறோம்.

சரி, வெறும் உணர்ச்சியாகப் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். கணக்கும் சொல்கிறேன்.

முதல் பொய், உயரம். ஷெர்மன் டாங்கியின் நிஜ உயரம் சுமார் 2.74 மீட்டர். 1:35-ல் 7.8 சென்டிமீட்டர். சாதாரண வீட்டின் ஒரு தளமே ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வரும். இரண்டு தளமும் சரிவுக் கூரையும் போட்டால் வீடு டாங்கிக்கு மூன்று மடங்கு நிற்க வேண்டும். ஆனால் டாங்கி பெரிதாகத் தெரிய வேண்டுமே! வீட்டைக் குள்ளமாக்கிவிடுகிறோம்.

இரண்டாவது, கனம். அரை மீட்டர் தடிமன் கல்சுவர் என்றால் மாடலில் 14 மில்லிமீட்டர். நாம் வைப்பதோ 5 மில்லிமீட்டர் தெர்மாகோல் தாள். அந்தச் சுவர் குண்டு வரை காத்திருக்காது, காற்றடித்தாலே விழும்.

மூன்றாவதுதான் பெரிய மோசடி. விழுந்த சுவர் எங்கே போச்சு? 15 சென்டிமீட்டர் நீளம், 8 உயரம், 1.5 தடிமன் சுவரைக் காணோம் என்றால் அது 180 கன சென்டிமீட்டர். உடைந்து குவியும்போது இடைவெளி விழுவதால் இன்னும் பாதி கூடும். ஒரு பெரிய டம்ளர் நிறைய வரும். இது ஒரு துண்டுச் சுவருக்கு மட்டும். கூரை, தளம், கதவு, கட்டில், பீரோ எல்லாம் தனி. நம் டயோரமாவில் கிடப்பதோ இரண்டு ஸ்பூன். மீதியை யார் அள்ளிக்கொண்டு போனார்கள்?

அடுத்தது, எது எப்படி விழும் என்பது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற மூலைச் சுவர்கள் நிற்கும். புகைபோக்கியோடு சேர்ந்த பக்கச் சுவர் பெரும்பாலும் நிற்கும். தளம் போன பிறகு மாடி அறையின் அடுப்பு மாடம் அந்தரத்தில் தொங்கும். அதற்கு மேலே அந்த அறையின் சுவர்த்தாள், கீழே வேறு அறையின் வேறு நிறம். பீரங்கிக் குண்டு துளைத்த இடம் வெளியே சின்ன ஓட்டை, உள்பக்கம் பெரிய குழி. தீப்பிடித்த வீடு என்றால் ஜன்னல்களுக்கு மேலே கரி ஏறியிருக்கும், உள்ளே மரம் கரிந்திருக்கும். ஒரே வீட்டில் கரி படிந்த ஜன்னலையும் புத்தம்புது பழுப்பு உத்தரத்தையும் வைக்கிறவர்களை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

"முழு வீட்டையும் கட்டி இடிக்க யாருக்கு நேரம் இருக்கு?" என்பார்கள். நிஜமாகக் கட்ட வேண்டாம் சாமி. ஒரு தாளில் முழு வீட்டை வரையுங்கள். வாசல், சமையலறை, படி, படுக்கையறை. பிறகு எது விழுந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று முடிவு செய்யுங்கள். மிஞ்சுவதை மட்டும் செய்யுங்கள். இரண்டு சாயங்காலம் கூடுதலாக ஆகும். போல்ட் எண்ணுகிற நேரத்தில் பாதி.

"இது ஹாபி, ஜாலியா செய்யற வேலை, இதுல எதுக்கு இவ்வளவு பாரம்?" என்று இன்னொரு கட்சி. ஜாலிதான் வேண்டுமென்றால் ரேஸ் கார் செய்யலாமே, கப்பல் செய்யலாமே? போரைத்தானே தேர்ந்தெடுத்தோம். அதில் டாங்கிக்கு மட்டும் உண்மை வேண்டும், வீட்டுக்கு வேண்டாம் என்றால் போரைச் சுட்டவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறோம் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் நின்று, "இடிந்த வீட்டைப் பொம்மையாக்குவதே தப்பு" என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். அக்கறையில்லாமல் செய்தால் தப்புதான்.

1:35 அளவில் இடிந்த கட்டடங்களின் கிட் தயாரிக்கிற மினிஆர்ட் நிறுவனம் இருப்பது உக்ரைனின் கீவ் நகரத்தில். 2022-ல் அந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே, போரோடியங்கா என்ற ஊரில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று குண்டில் பிளந்தது. தளம் போய்விட்டது. ஆனால் உயரத்தில், மிஞ்சிய சுவரில், ஒரு சமையலறை அலமாரி அப்படியே தொங்கியது. அதன் மேல் ஒரு பீங்கான் சேவல், உடையாமல். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. யாராவது டயோரமாவில் அப்படி வைத்திருந்தால் "நம்பும்படியா இல்லையே" என்று நாமே சிரித்திருப்போம். அந்தப் படத்தில் டாங்கி எதுவும் இல்லை. தேவைப்படவும் இல்லை.

என் பழைய வீட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். புதிதில் இரண்டு சுவர்தான், ஆனால் பக்கச் சுவரில் படி ஏறிய தடம் சாய்வாக இருக்கிறது, உத்தரக் குழிகள் வரிசையாக இருக்கின்றன, மாடியில் நீலப்பூ போட்ட சுவர்த்தாள். டாங்கி இன்னும் ஒட்டி முடியவில்லை, அது மெதுவாக வரட்டும்.

நீங்களும் அடுத்த முறை ஒரு டயோரமா முன்னால் நின்றால் போல்ட்டை எண்ணாதீர்கள். செய்தவரிடம் மாடிப்படி எங்கே என்று கேளுங்கள்.